ஆட்டு மருந்து பள்ளிக்கூடம் வந்த வழி

கேரளத்தின் கழக்கூட்டத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் மேனங்குளம். அங்குள்ள கின்ஃப்ரா தொழிற்பூங்காவில் கேரள மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கு இருந்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய இடம். அந்தக் கழகம் வாங்கும் மருந்துகளில் மிக மலிவானவற்றுள் ஒன்று அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். நாகர்கோவில் பக்கம் பூச்சி மாத்திரை என்பார்கள், எல்லை தாண்டினால் விர குளிக.

இதன் பூர்வீகம் ஆட்டுப்பட்டி. 1972-இல் அமெரிக்காவின் ஸ்மித்க்லைன் நிறுவனத்தில், கால்நடை மருந்துப் பிரிவினர் கண்டுபிடித்தது. செம்மறியின் குடற்புழு, நுரையீரல் புழு, ஈரல் தட்டைப்புழு எல்லாவற்றையும் ஒரே மருந்து கொன்றது. மனிதருக்குத் தர அனுமதி கிடைக்க 1982 ஆகிவிட்டது. ஆட்டு மருந்தையா பிள்ளைக்குக் கொடுப்பது என்று முகம் சுளிக்க வேண்டாம். மந்தைக்காகச் செய்த மருந்து என்பதுதான் இதன் பெரும் தகுதி. மந்தைக்கு மருந்து கொடுப்பவர் ஒவ்வோர் ஆட்டின் புழுக்கையையும் சோதித்துக்கொண்டிருக்க மாட்டார். வரிசையாக ஓட்டி, வாயைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்.

முந்தைய மருந்துகளைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். நூறாண்டுக்கு முன் கொக்கிப்புழுவுக்குக் கொடுத்தது தைமால். அது நம் ஓமத்தில் இருப்பது. முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய்த்தான் தைமாலாக மாறியது. முதல் நாள் பட்டினி, பேதி உப்பு. மறுநாள் மருந்து, மீண்டும் பேதி. எண்ணெயோ சாராயமோ உள்ளே போயிருந்தால் மருந்து ரத்தத்தில் ஏறி ஆளையே சாய்த்துவிடும். 1921-இல் மாரிஸ் ஹால் என்ற அமெரிக்கர் கார்பன் டெட்ராகுளோரைடைக் கொண்டுவந்தார். துணிச் சலவைக்கும் பயன்பட்ட அந்தத் திரவம் புழுவைக் கொன்றது, சிலருக்கு ஈரலையும் கெடுத்தது. 1920களின் இறுதியில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் டாக்டர் ஜேகாக்ஸ் திருவிதாங்கூருக்கு வந்தபோது, கொக்கிப்புழு இங்கே பெரும் சுமை. மருந்தைக் கொடுக்கவோ டாக்டரும் கம்பவுண்டரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரு வகுப்பறையை நம்பி அதை ஒப்படைக்க எவரும் துணியமாட்டார்கள்.

அல்பெண்டசோல் குடலிலிருந்து ரத்தத்துக்குச் சரியாக ஏறாது. வேறொரு மருந்தாக இருந்தால் இது குறை. இங்கேயோ புழு இருப்பதே குடலில்தான், மருந்தும் அங்கேயே தங்கிவிடுகிறது. புழுவின் செல்லுக்குள் உள்ள நுண்குழல்களை அது கட்டவிடாது. சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் புழு பட்டினியில் சாகும். மூளைக்குள் நாடாப்புழுக் கட்டி உள்ளவர்களுக்கு இதே மருந்தைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு தருவார்கள், ரத்தத்தில் கூடுதலாக ஏறட்டும் என்று.

மருந்தை மொத்தமாக வாங்கி வைக்கும் முறை கேரளத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனது. 1994-இல் இங்கே தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது, மாவட்டந்தோறும் கிடங்கு வைத்தது. 2008 முதல் செயல்படும் கேரளக் கழகம் அந்த அச்சில் வார்த்ததே. மேனங்குளம் கிடங்கின் பெயர் நாடெங்கும் அடிபட்டது ஒரு கெட்ட செய்தியால். 2023 மே 23 அதிகாலை அங்கிருந்த பிளீச்சிங் பவுடர் தீப்பிடித்தது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். ஒரு வாரத்துக்கு முன்புதான் கொல்லத்தில் இதே கழகத்தின் கிடங்கு எரிந்திருந்தது. கண்டுபிடித்தவர்களைப் பாராட்டும் நாம், மருந்தை மூட்டை கட்டிக் காக்கிறவர்களை இப்படி எரியும்போதுதான் கவனிக்கிறோம்.

கிடங்கு தாண்டினால் பள்ளியும் அங்கன்வாடியும். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் சில மாநிலங்களில் தொடங்கி, மறு ஆண்டு நாடெங்கும் பரவியது. ஒன்று முதல் 19 வயது வரை எல்லோருக்கும் உண்டு. மலப் பரிசோதனை இல்லை, எடை பார்ப்பதில்லை, பட்டினி இல்லை. இரண்டு வயதுக்குள் அரை மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்க வேண்டும், மூன்று வயது வரை முழு மாத்திரையையும் பொடித்தே கொடுக்க வேண்டும். புரையேறிவிடுமே என்ற பயம்தான். பெரிய பிள்ளைகள் ஆசிரியர் கண்ணெதிரே மென்று விழுங்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்ற விதியை எழுதியவருக்குப் பிள்ளைகளின் சட்டைப்பை தெரிந்திருக்கிறது.

ஒரே மாத்திரையில் உருண்டைப்புழு போய்விடும், கொக்கிப்புழுவும் பெருமளவு குறையும், சாட்டைப்புழு பாதிக்கு மேல் தப்பிவிடும். மண்ணிலிருக்கும் முட்டையை மாத்திரை தொடுவதே இல்லை. ஓர் உருண்டைப்புழுத் தாய் நாளுக்கு இரண்டு லட்சம் முட்டை இடும், அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தும்பா, மேனங்குளம் போன்ற கடலோர மணல் கொக்கிப்புழுக் குஞ்சுகளுக்குத் தோதானது. வெறுங்கால் பட்டால் தோல் வழியே ஏறிவிடும். கக்கூஸும் செருப்பும் செய்கிற வேலையை மாத்திரையிடம் கேட்டால் ஆண்டுதோறும் ஏமாறத்தான் வேண்டும்.

மாத்திரை நாளன்று காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளுக்கு அதைத் தரக் கூடாது. அவர்களுக்கும் பள்ளிக்கு வராதவர்களுக்கும் ஒரு வாரம் தள்ளி இன்னொரு நாள் குறித்திருக்கிறார்கள். அமைச்சர் மாத்திரை ஊட்டும் படம் முதல் நாள் பத்திரிகையில் வரும். இரண்டாம் நாளன்று எத்தனை பேர் மென்றார்கள் என்ற வருகைப் பதிவேட்டைத்தான் நான் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.