போடிமெட்டுச் சரிவும் ஐரோப்பிய அழகியலின் ‘உன்னத’மும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வெக்கை தணிந்து காற்றில் குளிர் ஏறும் இடத்தில் சுற்றுலா வண்டிகள் ஓரங்கட்டுகின்றன. வந்தவர்கள் இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும் விடியற்காலையில் இதே வளைவுகளில்தான் ஏறுகின்றன. அவற்றுக்கு இங்கே நிற்க வேலையில்லை. நின்று பார்ப்பதற்கென்றே மலைக்குப் போகலாம் என்னும் எண்ணம் மனிதருக்கு இயல்பாக வாய்த்ததாக நாம் கருதுகிறோம். இன்று நம்மிடம் உள்ள வடிவில் அது பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவானது என்பதும், உருவானபோதே உழைப்பவரை வெளியே நிறுத்தியது என்பதும் என் கருத்து.

அதுவரை ஐரோப்பியரில் பலருக்கு மலை அழகாகத் தோன்றவில்லை. ஆல்ப்ஸைக் கடந்துவந்த தாமஸ் பர்னெட், 1681இல் வெளியிட்ட நூலில் மலைகளைப் பெருவெள்ளத்தில் உடைந்த உலகின் இடிபாடுகள் என்றே விளக்கினார். ஆனால் அந்த இடிபாடுகளின் பிரம்மாண்டம் அவரை விடவில்லை. 1688இல் அதே மலைகளைக் கடந்த ஜான் டென்னிஸ், அச்சமும் மகிழ்ச்சியும் ஒருசேரத் தம்மைப் பற்றியதாக எழுதினார். இவர்களுக்கு முன்பே 1674இல் புவாலோ, லாங்கினஸின் பெயரால் வழங்கிய பழைய கிரேக்க நூலைப் பிரெஞ்சில் கொண்டுவந்திருந்தார். அந்நூலில் உன்னதம் என்பது முதன்மையாகச் சொல்லின் ஆற்றல், கேட்பவரை ஆட்கொள்ளும் பேச்சின் உயர்வு. சில பத்தாண்டுகளில் அது பேச்சிலிருந்து பாறைக்கு இடம் மாறியது. 1712இல் அடிசன் எழுதிய கட்டுரைகளில் பரந்த வெளியும் உயர்ந்த மலையும் கற்பனைக்கு இன்பம் தருபவையாகிவிட்டன.

எட்மண்ட் பர்க் 1757இல் இதைக் கோட்பாடாக்கினார். அவர் கணக்கில் சிறியதும் வழவழப்பானதும் அழகு. பெரியதும் இருண்டதும் அச்சுறுத்துவதும் உன்னதம். கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்: ஆபத்து மிக நெருங்கிவிட்டால் அதில் இன்பமில்லை, தொலைவு வேண்டும். 1790இல் கான்ட்டும் பார்ப்பவர் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றார். கான்ட் ஆல்ப்ஸைக் கண்டவர் அல்லர். சோஸூர் என்பவரின் பயண நூலைப் படித்தே அறிந்தவர். அந்நூலிலிருந்து அவர் எடுத்தாளும் ஒரு செய்தியை நம் அழகியல் வகுப்புகள் தவறாமல் கற்பிக்க வேண்டும். பனிமலைகளை விரும்புகிறவர்களைச் சவாய் நாட்டு உழவர் ஒருவர் முட்டாள்கள் என்றாராம். அந்த உழவரை நல்லறிவுள்ளவர் என்று ஒப்புக்கொண்ட கான்ட், அறநெறிக் கருத்துகளில் பண்படாதவருக்கு உன்னதம் வெறும் பயங்கரமாகவே தோன்றும் என முடிவுசெய்தார். பிழைப்புக்காக மலையோடு மல்லுக்கட்டுபவரின் தீர்ப்பு அங்கே தீர்ப்பாகவே ஏற்கப்படவில்லை. ஐரோப்பிய அழகியலின் மிக முக்கியமான தருணம் இது என்பேன்.

ஓவியக் கண்ணோடு நிலத்தைப் பார்க்கக் கற்பித்த வில்லியம் கில்பின் இன்னும் வெளிப்படை. அறநோக்கில் உழைக்கும் கைவினைஞனே மேல், காட்சி நோக்கிலோ சோம்பி நிற்கும் நாட்டுப்புறத்தானே மேல் என்று 1786இல் எழுதினார்.

இந்தப் பார்வை கப்பலேறி இங்கேயும் வந்தது. 1792-93இல் தென்னாட்டில் சுற்றிய தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் பாபநாசம் அருவியை இந்த இலக்கணப்படி வரைந்தார்கள். 1860களில் டக்ளஸ் ஹாமில்டன் பழனி மலையையும் சேர்வராயன் மலையையும் அரசுக்காக விரிகாட்சிகளாக வரைந்தபோது, காட்சியும் நிர்வாகமும் ஒரே தாளில் இடம்பெற்றன.

நம் பகுதியில் உழைப்பைக் காட்சி மறைத்துவிடுவதற்குத் தெளிவான சான்று டாப் ஸ்டேஷன். மூணாறுத் தேயிலை குண்டளை வழியாக ரயிலில் அங்கே வந்து, ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. அந்த ரோப்வேயின் மேல்முனை என்பதால்தான் அந்தப் பெயர். 1924 வெள்ளம் குண்டளை ரயில் பாதையை அழித்தது. இன்று அங்கே போகிறவர்கள் காட்சிமுனையைப் பார்க்கப் போகிறார்கள்; சுமை தூக்கிய இடம் என்பது பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தமிழ் மரபு உழைப்பை இப்படி வெளியே நிறுத்தவில்லை. தொல்காப்பியத்தில் நிலத்துக்குரிய கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு ‘செய்தி’யும் உண்டு, அதாவது அந்நிலத்து மக்களின் தொழில். தினை காப்பதையும் தேன் எடுப்பதையும் கிழங்கு அகழ்வதையும் நீக்கினால் மலைநிலமாகிய குறிஞ்சி குறைப்பட்டுவிடும். அந்நூலின் மெய்ப்பாட்டியல் இதைவிட நுட்பமானது. வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கில் பிறக்கும். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கில் பிறக்கும். பர்க் அழகின் பக்கம் ஒதுக்கிய சிறுமை இங்கே பெருமைக்குப் பக்கத்திலேயே வியப்புக்குக் காரணமாகிறது. அச்சத்துக்கான பட்டியலில் மலை இல்லை. மலையில் எதிர்ப்படக்கூடிய தெய்வமும் விலங்கும் கள்வரும்தான் அச்சம் தருகின்றன; அவற்றைத் தொலைவில் நின்று சுவைக்க முடியாது.

சங்கக் கவிதை தொழிலாளர் வாழ்வின் நேரடிப் பதிவு என்று நான் சொல்லவில்லை. தினைப்புனக் காவலும் ஒரு கவிதை மரபுதான். ஐரோப்பாவுக்குள்ளேயே எதிர்க்குரலும் எழுந்தது: 1856இல் ரஸ்கின், ஆல்ப்ஸ் கிராமத்தாரின் வறுமையை ரசனைப் பொருளாக்கும் கண்ணை இரக்கமற்றது என்று சாடினார். ஆனால் நமக்கு வந்து சேர்ந்த சுற்றுலாக் கண் ரஸ்கினுடையது அன்று, கில்பினுடையது.

ஆகவே குறிஞ்சியை ‘உன்னத’ச் சட்டத்துக்குள் அடக்கி எழுதும் பழக்கத்தைத் தமிழ் ஆய்வாளர்கள் விட வேண்டும். போடி, குரங்கணி, கோட்டகுடி ஊர்களில் காய் எடுக்கவும் கவாத்துக்கும் மலையேறும் பெண்கள் மழை, மூடுபனி, அட்டை, யானை, மண்சரிவு பற்றிப் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பேச்சை மெய்ப்பாட்டியலோடு வைத்துப் படியுங்கள். அந்த வேலையைத் தமிழ்த்துறைகள் இந்தத் தலைமுறையிலேயே தொடங்க வேண்டும்.