சும்மா கிடைத்த வீடு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜபாளையத்திலிருந்து ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். என் சம்பந்தியின் தெருக்காரர். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பிரெஞ்சில் அச்சடித்த இரண்டு தாள்கட்டுகள்.

"சார், பையனுக்கு லியோன்ல வேலை கிடைச்சிருக்கு. மருமக, பேரப்பிள்ளைக ரெண்டு பேரு, எல்லாரும் சேந்து போறாங்க. வீட்டு விஷயமா ஏதோ அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லணும்."

நான் காரைக்காலில் பிறந்தவன், பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரி அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தேன். இந்தப் பக்கத்தில் பிரெஞ்சு எழுத்து எதில் தென்பட்டாலும் என்னிடம் வந்துவிடும். இதுவரை வந்ததெல்லாம் மருந்து டப்பாவும் சென்ட் பாட்டிலும்தான். ஒரு குடும்பம் குடியேறப் போகும் வீட்டின் காகிதம் வந்தது இதுவே முதல் தடவை.

முதல் கட்டு வாடகை ஒப்பந்தம். பிரெஞ்சில் இதற்குப் பெயர், நாம் படுக்கிற 'பாய்' போலவே ஒலிக்கும். 60 சதுர மீட்டர் வீடு. மாத வாடகை 980 யூரோ. மாடிப்படி விளக்கு, துப்புரவு, தண்ணீர் போன்ற பொதுச்செலவுக்கு 120 யூரோ. இரண்டாவது கட்டு, வேலை தருகிற நிறுவனமே கொடுக்கும் வீடு. வாடகை கிடையாது. ஆனால் வேலை ஒப்பந்தம் முடிகிறபோது வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். எதை எடுப்பது என்று பத்து நாளைக்குள் பையன் பதில் சொல்லியாக வேண்டும்.

"இதுல என்ன யோசனை சார்? சும்மா குடுக்கிறதை வேண்டாம்பாங்களா? எங்க தாத்தா சிலோன்ல இருந்தவரைக்கும் வீட்டு வாடகைன்னு ஒரு சல்லி குடுத்ததில்ல" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அவருடைய தாத்தா இருந்தது கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும், திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கமிருந்தும் கங்காணிகள் பின்னால் போனவர்களில் ஒருவர். அங்கே கிடைத்த வீட்டுக்கு லயம் என்று பெயர். நீளமான ஒரு கட்டடம், அதில் வரிசையாக அறைகள். ஓர் அறையைக் காம்பரா என்பார்கள். போர்த்துக்கீசியச் சொல், பிரெஞ்சில் அறையைக் குறிக்கும் 'ஷாம்ப்ர்' இதற்கு உறவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பரவலான அளவு. அதற்குள் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு தலைமுறை.

வாடகை இல்லை என்பது உண்மை. ஆனால் குடியேறும் செலவு புறப்படும்போதே தொடங்கிவிடும். வழிச்செலவு, சாப்பாடு, ஊரில் இருந்த பழைய கடன் எல்லாவற்றுக்கும் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அவன் பேரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பது அதில் இருக்கும்; அந்தக் கடனைக் கட்டுகிறவனே அவனை அழைத்துப் போகலாம். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. துண்டு போனது, லயம் போகவில்லை. பேர்ப்பதிவு உள்ள வரைதான் காம்பரா. வேலையை விட்டால் தலைக்கு மேல் கூரை இல்லை. அப்பன் ஓய்ந்துபோனால் மகன் பதிய வேண்டும். இல்லாவிட்டால் குடும்பமே இடத்தைக் காலி செய்ய வேண்டும். கூலி உயர்வு கேட்கப் போகிறவன் முதலில் பெண்டாட்டி பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது என்று யோசிப்பான். வாடகை இல்லாத வீட்டின் வாடகை இதுதான்.

1946இல் கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மயர் என்ற தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தாருக்குக் குடியேற்ற நிலமாகக் கொடுக்க எடுத்துக்கொண்டது. அங்கே உழைத்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்களை லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள். வழக்கு அத்துமீறி நுழைந்தவர்கள் என்று வந்தது. தங்கள் வீட்டுக்குள்ளேயே அத்துமீறியவர்கள்! மற்றத் தோட்டத் தொழிலாளர்கள் அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வருஷத்தில், 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்து நாடே இல்லாதவர்களானார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று பங்கு பிரித்தார்கள். பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.

"உங்க தாத்தா கப்பல்ல வரும்போது என்ன கொண்டு வந்தாரு?" என்று கேட்டேன்.

"ரெண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மிஷின். எங்க அப்பாதான் தூக்கிட்டு வந்தாராம், ராமேஸ்வரத்துல எறங்குனாங்க."

மூன்று தலைமுறை குடியிருந்த வீட்டை விட்டு வரும்போது விற்க ஒரு கதவுகூட இல்லை. தாயகம் திரும்பியவர்களுக்கு இங்கே மறுவாழ்வுத் திட்டங்கள் இருந்தன. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள், பல ஊர்களில் நூல் மில்கள். அவருடைய அப்பா மில்லுக்கு வந்தது அப்படித்தான். அவர் மகன் இவர், இவர் மகன் இப்போது லியோனுக்கு.

எங்கள் பக்கத்துக் கதையையும் அவருக்குச் சொன்னேன். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சுப் படையில் இருந்ததால் அவருக்குப் படைக் குடியிருப்பு உண்டு. வாடகைக் கவலை இல்லை என்று சித்தி கடிதம் எழுதுவார்.

அந்தக் காலத்துப் பிரான்ஸில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. போரில் இடிந்த ஊர்கள், கிராமங்களிலிருந்தும் பழைய காலனிகளிலிருந்தும் வந்து குவிந்த ஜனங்கள். 1954 பிப்ரவரி 1ஆம் தேதி அபே பியேர் என்ற பாதிரியார் வானொலியில் முறையிட்டார். வீட்டைக் காலி செய்ய வைக்கப்பட்ட ஒரு பெண் முந்தைய இரவு பாரிஸ் தெருவில் குளிரில் விறைத்துச் செத்திருந்தாள். நாடே அதிர்ந்தது. குளிர்காலத்தில் யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது என்ற சட்டம் 1956இல் வந்தது, இன்றும் இருக்கிறது. சார்செல் போன்ற புறநகர்களில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பின்னாளில் நம்மவர்கள் பலர் போய்ச் சேர்ந்ததும் அவற்றில்தான்.

சித்தப்பா படையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் குடியிருப்பும் போயிற்று. குறைந்த வாடகைக் குடியிருப்புக்கு மனுப் போட்டுவிட்டு, நான்கு பிள்ளைகளோடு இரண்டு சின்ன அறைகளில் மூன்று வருஷம் காத்திருந்தார்கள். அந்த மூன்று வருஷமும் சித்தி எங்களுக்குக் கடிதம் எழுதவில்லை.

இதையெல்லாம் பார்த்த நானாவது திருந்தினேனா? இல்லை. 22 வருஷம் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தேன். வாடகை மிச்சம், பள்ளிக்கூடம் பக்கம் என்று காலத்தை ஓட்டினேன். வீட்டு வாடகைப் படி கைக்கு வராமல் போவதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அடுத்தவர் கணக்கையெல்லாம் சரிபார்த்த குமாஸ்தா! 2011இல் ஓய்வு பெற்றபோது என் பேரில் ஒரு செங்கல் இல்லை. மனைவிக்கு இந்த ஊரில் பூர்வீக வீடு இருந்ததால் பிழைத்தேன்.

பிறகு இருவரும் பேப்பர் பேனா எடுத்துக் கணக்குப் போட்டோம். பிரான்ஸில் தளவாடம் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்பது சட்டம். ஆக 980. முதல் மாதம் பொதுச்செலவோடு 1,100. லியோன் போன்ற நெருக்கடி நகரங்களில் வாடகைக்காரரிடம் தரகு நிறுவனம் வாங்கக்கூடியது சதுர மீட்டருக்கு அதிகபட்சம் ஏறக்குறைய 10 யூரோ, வீட்டின் நிலையைப் பதிவு செய்ய இன்னும் ஏறக்குறைய 3. 60 மீட்டருக்கு ஏறக்குறைய 780. மொத்தம் ஏறக்குறைய 2,860 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 2,86,000 ரூபாய். வீட்டுக் காப்பீடு கட்டாயம், அது தனி. கட்டில், மெத்தை, அடுப்பு தனி. இவ்வளவும் முதல் சம்பளம் வருவதற்கு முன்னால்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்களே, அதைவிடக் குறைவுதானே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1989 ஜூலை 6ஆம் தேதிச் சட்டப்படி, தனிமனிதர் வீட்டு ஒப்பந்தம் மூன்று வருஷம். வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறவரை உரிமையாளர் இடையில் போகச் சொல்ல முடியாது. தவணை முடியும்போதுகூடத் தான் குடிவர, விற்க, அல்லது தகுந்த வேறு காரணம் காட்டி ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும். வாடகைக்காரர் கிளம்ப லியோனில் ஒரு மாத அறிவிப்புப் போதும். வேலையோடு ஒட்டிக் கொடுக்கும் வீட்டுக்கு இந்தச் சட்டத்தின் காப்பு இல்லை. பையனுக்கும் முதலாளிக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், வேலையும் வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஒரே சமயத்தில் கையைவிட்டுப் போகும்.

ஒரு நடுவழியும் சொன்னேன். புதிதாகப் போகிறவரிடம் உரிமையாளர்கள் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம், ஜாமீன் எல்லாம் கேட்பது வழக்கம். இவருக்கு ஒப்பந்தமே கைக்கு வந்திருப்பது அதிர்ஷ்டம். அது தவறிப்போனால் நிறுவன வீட்டில் நாலைந்து மாதம் இருக்கலாம். ஆனால் முதல் சம்பளத்திலிருந்தே வாடகை என்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்து, சம்பளச் சீட்டு சேர்ந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். அங்கேயே தங்கிப் பழகிவிடக்கூடாது. பழகியவன் நான்.

அவர் தாள்களை மறுபடி கவருக்குள் வைத்துக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்துப் போன் வந்தது. "சார், பையன் வாடகை வீட்டுக்கே கையெழுத்துப் போட்டுட்டான். மருமக நகையை வச்சு மூணு லட்சம் வாங்கியிருக்கோம்."

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அடுத்தவர் நகையில் நான் உபதேசம் செய்துவிட்டேனோ என்று இப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. பிரான்ஸில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், என் கணக்கில் பிழை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். அவர்கள் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.