உறைதல், திரிதல், திரளுதல்: தொண்டை நாட்டில் ‘கெட்டி’யின் வரலாறு

ஆடி மாதத்தில் உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் இடத்தில் சற்று நேரம் நின்றால், ஒரே அண்டாவுக்கு நான்கு வினைச்சொற்கள் காதில் விழும். முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்த கேழ்வரகு மாவை, வெந்துகொண்டிருக்கும் நொய்யில் ஊற்றும்போது “கட்டி தட்டாம கிண்டு” என்பார் மூத்தவர் ஒருவர். மாவு வெந்து துடுப்பு நகர மறுத்தால் “கெட்டியாயிடுச்சு”. தீ அதிகமாகி நீர் குறைந்தால் “வத்திடுச்சு”. இறக்கி வைத்து ஆறிய பின் “இறுகிடுச்சு, மோர் ஊத்திக் கரைச்சுக்கோ”.

நான்கும் ஒரு பொருளைத் தருவன அல்ல. மாவுச்சத்து மணிகள் சூட்டில் நீரை உறிஞ்சி உப்பும்போது கூழ் கெட்டியாகிறது. நீர் ஆவியாகும்போது வற்றுகிறது. ஆறும்போது மாவுச்சத்தின் இழைகள் மறுபடி நெருங்கிச் சேர்ந்துகொள்வதால் இறுகுகிறது. மாவு சீராகக் கரையாமல் உருண்டைகளாக நின்றுவிட்டால் கட்டி தட்டுகிறது. நீர்மம் தடிமன் அடைவதைச் சொல்லும் தமிழ் வினைகள் பெரும்பாலும் அதன் காரணத்தைச் சொல்கின்றன. அந்த வேறுபாடுகள் எவ்வளவு பழையவை, எங்கே மங்கத் தொடங்கின என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

தொண்டை நாட்டுக்கு இதில் ஒரு நல்ல சான்று உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆய்மகளைக் காட்டுகிறார். விடியுமுன் எழுந்து, புலி உறுமுவது போல மத்து ஒலிக்க, உறையிட்ட தயிரைக் கடைகிறாள் அவள். தயிரின் முகத்தில் குமிழ்ந்து நிற்பதைக் காளானின் மொட்டுக்கு ஒப்பிடும் அளவுக்கு உற்றுப் பார்த்திருக்கிறார் புலவர். ‘உறை’ என்ற சொல் இன்றும் அதே வேலையைச் செய்கிறது. “உறை ஊத்த மோர் இருக்கா?” என்று பக்கத்து வீட்டில் கேட்கும் பெண் சங்கச் சொல்லைத்தான் கையில் கிண்ணத்தோடு கேட்கிறார்.

புறநானூற்றின் 276ஆம் பாடல் அந்த உறையை வேறு கோணத்தில் பார்க்கிறது. ஒரு குடம் பாலில் விழுந்த சிறிதளவு உறைபோல, ஓர் இளைஞன் தனியாளாகப் பகைப்படை முழுவதற்கும் நோயாகிவிட்டான் என்கிறது. சிறு துளி பெரும் பரப்பைக் குலைத்துவிடும் ஆற்றலே அங்கே உவமை. குறுந்தொகை 167இலோ தயிருக்கு ‘முளி’ என்ற அடை வருகிறது. நன்றாக முற்றித் தோய்ந்த தயிர். அந்த அடை இன்று வழக்கில் இல்லை. ‘தோய்தல்’ மட்டும் நிற்கிறது.

பால் தயிரானால் உறைந்தது, தோய்ந்தது. அதுவே அடுப்பில் வைத்ததும் பிளந்து, கட்டி வேறு நீர் வேறாக நின்றால் திரிந்தது. இரண்டிலும் வேலை செய்வது புளிப்புதான். அசையாமல் வைத்த பாலில் அமிலம் மெல்லக் கூடும்போது பால் புரதங்கள் வலைபோல் பின்னி நீரையும் தம்முள் பிடித்துக்கொள்கின்றன. பாதி புளித்த பாலில் சூடு ஏறினால் அவை சட்டென்று ஒட்டிக்கொண்டு நீரைக் கைவிடுகின்றன. ‘திரிதல்’ என்பதற்கு வேறுபடுதல் என்ற பொருள் இருப்பதால் சொல் மிகச் சரியாகப் பொருந்துகிறது. கடையும்போது வெண்ணெய்க்கோ ‘திரளுதல்’. சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் கூடுவது அது. திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை யாரும் ‘உறைந்து வரும்போது’ என்று மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

நீர் குறைவதற்கும் ஒரு சொல் போதவில்லை. குழம்பு வற்றும், ஏரியும் வற்றும். பால் சுண்டும், ஏரி ஒருநாளும் சுண்டாது. சித்த மருத்துவத்தில் குடிநீரை எட்டில் ஒன்றாகக் குறுக்குவார்கள். அங்கே அளவு முக்கியம். வற்றுதல் மிஞ்சாததைப் பார்க்கிறது, சுண்டுதல் மிஞ்சிய சாரத்தைப் பார்க்கிறது என்று சொல்லலாம். வைரமேகத் தடாகத்தை நம்பி வாழ்ந்த, ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்த உத்திரமேரூருக்கு ‘வற்றுதல்’ வயிற்றைத் தொட்ட சொல்லாகவே இருந்திருக்கும்.

முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அந்த வாரியங்களை விரிவாகச் சொல்கின்றன. ஆனால் சமையல் வினைகளைத் தேடுபவருக்குக் கல்வெட்டு கஞ்சத்தனமானது. சோழர் காலக் கோயில் நிவந்தங்களில் நெய்யமுதும் தயிரமுதும் அளவோடு வருகின்றன. கணக்குக்குப் பெயரும் படியும் போதும். மடைப்பள்ளியில் எது எப்படி உறைந்தது என்பதைக் கல்லில் வெட்ட வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

‘கெட்டி’ எங்கிருந்து வந்தது? சங்க நூல்களில் அது இல்லை. ‘கட்டி’ உண்டு. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கட்டி’யின் இனச்சொல் மெல்லிய ககர ஒலியோடு, உறுதி, திண்மை, உரத்த ஒலி ஆகிய பொருள்களில் வழங்குகிறது. அந்த ஒலியோடு தொடங்கும் சொற்கள் தமிழ்ப் பேச்சில் எகரம் ஏற்பது வழக்கம். கங்கை ‘கெங்கை’ ஆவதும் கடிகாரம் ‘கெடிகாரம்’ ஆவதும் அப்படித்தான். கெட்டிமேளத்தில் உரத்த ஒலிப் பொருளும், கெட்டிக்காரனில் உறுதிப் பொருளும் அப்படியே இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொண்டை மண்டலம் விஜயநகர ஆட்சிக்குள் வந்தபின் தெலுங்கும் கன்னடமும் இங்கே நெருங்கிப் புழங்கின. ‘கெட்டி’ அந்த வழியில் பரவியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான முடிவு. காரணம் எதையும் சொல்லாத பொதுச்சொல் என்பதால் எல்லா இடத்திலும் அதனால் நுழைய முடிந்தது.

ஆங்கிலத்தில் ‘உறைதலின்’ நிலை வேறு. ‘கோயாகுலேட்’ பாலை உறைய வைக்கும் பொருளுக்கான லத்தீன் பெயரிலிருந்தும், ‘கன்ஜீல்’ உறைபனியைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்தும் வந்தவை. குளிரில் உறைவதும் புளிப்பில் உறைவதும் அங்கே வேறு வேறு வேர்கள். தமிழில் மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, பால் உறைகிறது, காயத்தில் இரத்தம் உறைகிறது. அசைவு நின்று ஓரிடத்தில் தங்கிவிடும் நிலையைத் தமிழ் ஒன்றாகக் கண்டிருக்கிறது. வசித்தல் என்ற பொருளிலும் ‘உறைதல்’தானே வருகிறது.

இந்தச் சமையலறைச் சொற்கள் இன்று பள்ளிப் பாடநூலில் இருக்கின்றன. இயற்பியலில் ‘உறைநிலை’. நீர்மங்களின் ஓட்டத்தடைக்குப் ‘பாகுநிலை’. பாகிலிருந்து எடுத்த சொல். உயிரியலில் இரத்தம் காயத்தில் வலையாகப் பிடித்துக்கொள்வது ‘உறைதல்’, பொருந்தாத வகை இரத்தம் சேரும்போது அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூடுவது ‘திரட்சி’. தயிருக்கும் வெண்ணெய்க்கும் இடையே உள்ள அதே வேறுபாடு.

பேச்சிலோ குழம்பு, பால், மாவு, பாகு எல்லாம் ‘கெட்டியாக’ மட்டும் ஆகத் தொடங்கிவிட்டன. வயலில் இன்னும் அப்படி இல்லை. நெற்கதிர் பால் பிடிக்கிறது, பால் இறுகி மணி முற்றுகிறது என்கிறார் உத்திரமேரூர் விவசாயி. கரிசல் வட்டாரத்துக்கு கி. ராஜநாராயணனும் கொங்கு நாட்டுக்குப் பெருமாள்முருகனும் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் சொல்லகராதி தொகுத்தார்கள். தொண்டை நாட்டின் அடுப்படி வினைகளையும் வயல் வினைகளையும், எந்தப் பொருளுக்கு எந்த வினை என்ற குறிப்போடு, இவற்றைச் சொல்லித் தரும் மூத்த பெண்கள் இருக்கும்போதே இப்பகுதிக் கல்லூரித் தமிழ்த்துறைகள் தொகுக்க வேண்டும்.