பாத்திரமேற்றல் ஆட்டமாவது எவ்வாறு? – ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் 'விளையாட்டு' என்னும் சொல் பரந்த பொருளுடையது. சிறுவர் மணலிற் சோறு சமைப்பதும் விளையாட்டு, சதுரங்கமும் விளையாட்டு. 'ஆடுதல்' என்னும் வினையும் கூத்துக்கும் சூதுக்கும் பொதுவாய் நிற்கின்றது. ஜேர்மன் மொழியின் 'ஸ்பீல்' என்னும் சொல்லும் இத்தகையதே. விதிக்குட்பட்ட விளையாட்டினைப் பிரித்துணர்த்தும் பொருட்டு, 'ஆட்டம்' என்னும் சொல் இக்கட்டுரையில் அதற்கே உரியதாக ஆளப்படுகின்றது. மேசையைச் சுற்றியமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்ய முயல்வதைச் சொல்லால் அறிவிக்கும் செயலொன்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகிற் பரவியுள்ளது. அது கதை கூறலா, நடிப்பா, அன்றி ஆட்டமா என்பது ஆய்வாளரிடையே எழுந்துள்ள வினாவாகும். அதன் தோற்ற வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினாவுக்கு ஒரு விடை புலனாகும்.

இதன் வேர் பிரசிய நாட்டுப் படைத்துறையிற் காணப்படுகின்றது. படை அலுவலரான இளைய றைஸ்விட்ஸ், தம் தந்தையார் 1812 அளவில் வகுத்த போர் விளையாட்டைத் திருத்தி, 1824 இல் 'கிறீக்ஸ்பீல்' என அதன் விதிகளை வெளியிட்டார். 1:8000 என்னும் அளவுத்திட்டத்தில் வரைந்த நிலப்படமே களம். ஆடுவோர் தம் கட்டளைகளை நடுவரிடம் அளிப்பர். நடுவர் அவற்றை நிறைவேற்றி, அவரவர் படை காணக்கூடியதை மட்டும் அவரவர்க்கு அறிவிப்பர். சேதத்தினைத் தாயக்கட்டையும் அட்டவணையும் தீர்மானித்தன. இதனைக் கண்ட படைத்தலைமையகத் தலைவர் மியூஃப்ளிங், இது விளையாட்டன்று, போர்ப் பயிற்சியே என வியந்தார் என்பர். சதுரங்கத்திற் குதிரைக்கு விதித்த நகர்வுகளே உண்டு. இங்கோ உண்மைப் படைத்தலைவன் கட்டளையிடக்கூடிய எதனையும் ஆடுவோர் கட்டளையிடலாம். நடுவர் இன்றியமையாதவரானமைக்கு இதுவே காரணம்.

காலப்போக்கில் விதிகளும் அட்டவணைகளும் பெருகி ஆட்டத்தை மந்தப்படுத்தின. 1876 இல் வெர்டி டு வெர்னுவா என்னும் பிரசியத் தளபதி, அவற்றையும் தாயக்கட்டையையும் கைவிட்டு, அனுபவமுடைய நடுவரின் தீர்ப்பையே கொள்ளலாம் என எடுத்துரைத்தார். எழுதிய விதிகள் ஏறத்தாழ மறைந்தன, ஆட்டம் மறையவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் சார்ல்ஸ் டொட்டன் என்னும் படை அலுவலர் 1880 இல் 'ஸ்ட்ரேற்றகோஸ்' என்னும் போர் விளையாட்டு நூலை வெளியிட்டார். பின்னாளில் மினெசோட்டா மாநிலத்து டேவிட் வெஸ்லி அந்நூலைப் பயின்று, நடுவரின் பரந்த அதிகாரத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். 1969 இல் அவர் நடத்திய ஆட்டத்திற்கு நெப்போலியன் காலத்துக் கற்பனை நகரான பிரவுன்ஸ்டைன் களமாயிற்று. படைத்தலைவர் மட்டுமன்றி, நகர முதல்வர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் முதலிய பாத்திரங்களும் வழங்கப்பட்டன. ஆட்டம் குழம்பியமையால் அது தோல்வி என வெஸ்லி கருதினார். ஆடியவர்களோ மீண்டும் வேண்டினர். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னெசன் 1971 இல் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டில் இத்தகைய ஆட்டத்தைத் தொடங்கினார். அவரும் விஸ்கொன்சின் மாநிலத்துக் காரி கைகாக்ஸும் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974 இல் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. அதன் முகப்பு அதனைப் போர் விளையாட்டு விதிகள் என்றே அறிமுகப்படுத்தியது. எனினும் அதில் ஆடுவோர் ஒரே குழுவாய்ச் செல்வர். இறுதி வெற்றி என ஒன்றில்லை.

கோட்பாட்டாளரின் இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகின்றது. விளையாட்டுக்கள் விதியுடையனவாகவோ பாவனையுடையனவாகவோ அமையுமேயன்றி இரண்டுமாக அமையா என்பது பிரெஞ்சு அறிஞர் றொஜே கையுவா 1958 இல் வெளியிட்ட கருத்து. கேற்றி சேலன், எரிக் சிம்மர்மன் ஆகியோர் 2003 இல் அளவிடத்தக்க முடிவினை ஆட்டத்தின் இலக்கணத்துட் சேர்த்தமையால், பாத்திரமேற்றலை எல்லைக்கோட்டில் நிறுத்த நேர்ந்தது. அதே ஆண்டில் ஜெஸ்பர் ஜூல், நடுவரால் விதி நெகிழ்வதைக் காரணங்காட்டி அதனை அவ்வெல்லையிலேயே வைத்தார். மேற்கண்ட வரலாறு இவ்வளவுகோல்களை ஐயுறச் செய்கின்றது. வெர்டியின் முறையில் நிலையான விதியில்லை. 1974 இன் ஆட்டத்தில் இறுதி வெற்றியில்லை. இவை நீங்கியும் ஆட்டம் நின்றதெனின், அதன் அடிப்படை வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

சிறுவர் இருவர் போர்ப் பாவனையில் ஈடுபடுகையில் ஒருவன் 'சுட்டுவிட்டேன்' என்பான். மற்றவன் 'எனக்குப் படவில்லை' என்பான். அப்பூசலைத் தீர்க்கும் முறை அங்கில்லை. பாத்திரமேற்கும் ஆட்டத்திலோ, 'காவலன் அறியாது வாயிலைக் கடக்கின்றேன்' என ஒருவர் கூறுவது முயற்சியின் அறிவிப்பு மட்டுமே. கடந்தாரா என்பதை அனைவரும் முன்னரே ஏற்றுக்கொண்ட முறை தீர்மானிக்கும். அது தாயக்கட்டையாகவும் இருக்கலாம், நடுவர் தீர்ப்பாகவும் இருக்கலாம். அவ்விளைவு அனைவரையும் கட்டுப்படுத்தும். அடுத்த முயற்சி அதன்மீதே எழும். முயற்சி ஆடுவோர்க்குரியது, விளைவு அவர் கைக்கு அப்பாற்பட்டது, நேர்ந்த விளைவு நடுவரையும் பிணிப்பது என்னும் மூன்றும் கூடியவிடத்தே பாவனை ஆட்டமாகின்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. திரையின் பின் தாயக்கட்டையை உருட்டும் நடுவர், கதை சுவைக்கவேண்டி, விழுந்த எண்ணை மறைத்து வேறெண் கூறலாமா என்பது இவ்வாட்டத்தினரிடையே நெடிது விவாதிக்கப்படும் பொருள். எண்ணை அவ்வாறு மாற்றுமிடத்து ஆடுவோர் எடுத்த முடிவுக்குப் பயனில்லை. தாம் ஆடுவதாக நம்பி அவர்கள் கதை கேட்டவராவர். கதை கேட்டல் இழிவன்று. தாம் ஈடுபட்டிருப்பது யாதென அறியாதவாறு வைக்கப்படுதலே முறையன்று. மியூஃப்ளிங் போற்றிய பயிற்சிக்கும் இது பொருந்தும். தவறான கட்டளைக்கு நடுவர் இரங்கி வெற்றி வழங்குவாராயின், அக்கட்டளையிட்ட அலுவலர் அதனாற் கற்பது யாதுமில்லை.

ஆகவே, வெற்றி தோல்வியோ, தாயக்கட்டையோ, விரிந்த விதிநூலோ பாத்திரமேற்றலை ஆட்டமாக்குவதில்லை. கூத்தினையும் சூதினையும் ஒரே வினையாற் சுட்டும் தமிழ் வழக்கு இங்கு பொருத்தமாகின்றது. இரண்டும் இச்செயலில் ஒருங்கே அமைகின்றன. பாத்திரமாய் நின்று பேசுதல் கூத்தின் பங்கு. தன் சொல்லாலன்றி வேறொன்றால் தீரும் விளைவுக்கு உடன்பட்டு நிற்றல் ஆட்டத்தின் பங்கு.