ஒளிபுகும் மையும் ஒளிபுகா மொழியும்

அச்சு மை கீழிருப்பதை மறைத்துவிடும் என்றே பொதுவாக நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மை வேறு. நாலு வண்ண அச்சில் மஞ்சள் மீது சயான் விழும்போது பச்சை கிடைக்கிறது. மேலிருக்கும் மை ஒளியை உள்ளே விடுவதால்தான் இது நடக்கிறது. ஆக, ஒன்றின் ஊடாக இன்னொன்றைக் காட்டுவது அச்சுக்குப் புதிதல்ல. அப்படியிருக்க, கணினியில் நிழலும் புகையுமாக வடிவமைத்த சுவரொட்டி, அச்சாகி வரும்போது படத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டியோடு வருகிறதே, ஏன்? ‘பிரஸ்காரர் கெடுத்துட்டார்’ என்பது நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கும் பதில். அந்தப் பதில் ஒரு வரலாற்றை மூடி மறைக்கிறது.

தடை மையில் இல்லை; மைக்கும் வடிவமைப்பாளருக்கும் நடுவே வந்து உட்கார்ந்த மொழியில் இருந்தது. அடோபி நிறுவனத்தை நிறுவிய ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகியோரின் போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984இல் வெளிவந்தது. பக்கத்தை விவரிக்கும் இம்மொழியில், பின்னால் வரைவது முன்னால் வரைந்ததை முழுசாக மூடிவிடும். கீழே என்ன இருந்தது என்று அச்சுப்பொறி கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. 1985இல் வந்த ஆப்பிள் லேசர் ரைட்டரின் நினைவகம் 1.5 மெகாபைட்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் சிக்கனம் விளங்கும்.

ஆனால் இதை அக்காலத்து அறிவின் எல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே 1984இல் லூகாஸ்ஃபிலிமின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் கணக்கை வகுத்து வெளியிட்டார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் நிறத்தோடு, அது எவ்வளவு மறைக்கிறது என்ற எண்ணையும் சேர்த்துவைக்கும் ‘ஆல்ஃபா’ முறை, 1970களின் பிற்பகுதியிலேயே எட் காட்முல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோரால் உருவாக்கப்பட்டிருந்தது. சினிமாவுக்குக் கிடைத்தது அச்சுக்குக் கிடைக்கவில்லை. அச்சு வடிவமைப்பாளர் படத்தின் விளிம்பில் கோடு போட்டு வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே, வெளியே என்ற இரண்டுதான் தெரியும். தலைமுடி, புகை, கண்ணாடி எல்லாம் அதில் சிக்காதவை.

2000இல் இல்லஸ்ட்ரேட்டர் 9, 2001இல் பிடிஎஃப் 1.4 என்று ஒளிபுகும் தன்மை அச்சுக் கோப்புக்குள் நுழைந்தது. கோப்பு மாறியதே தவிர, அச்சகங்களில் இருந்த கருவிகள் பழைய மொழியையே பேசின. எனவே ‘தட்டையாக்கல்’ வந்தது: ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதிகளைத் துண்டுதுண்டாக வெட்டி, கலந்தபின் வரும் நிறத்தைக் கணக்கிட்டு, ஒளிபுகாத துண்டுகளாக ஒட்டிவைப்பது. கணக்கில் அடங்காத இடங்கள் புள்ளிப்படமாகிவிடும். நிழலுக்கு அடியில் மாட்டிய எழுத்தும் அப்படித்தான். சில எழுத்து தடித்து, சில மெலிந்து, ஒரே வரி இரண்டு கையெழுத்து மாதிரி ஆகிவிடும். அதே 2001இல் வந்த பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற ஐ.எஸ்.ஓ. தரம் ஒளிபுகும் தன்மையைத் தடைசெய்தது. நோக்கம் என்னவோ அச்சகத்தைக் காப்பதுதான். விளைவில், எல்லாவற்றையும் முன்கூட்டியே தட்டையாக்கி அனுப்பும் பொறுப்பு, அச்சு இயந்திரத்தைப் பார்த்தேயிராத வடிவமைப்பாளர் தலையில் விழுந்தது.

தட்டையாக்கலே தவறென்று வாதிடவில்லை. தகட்டில் கடைசியாக இருப்பது மை உள்ள இடம், இல்லாத இடம் மட்டுமே. எங்கோ ஓரிடத்தில் அது நடந்துதான் ஆகவேண்டும். யார், எப்போது செய்வது என்பதே கேள்வி. முதலில் செய்தால் அடுக்குகள் போச்சு, திரும்பி வராது. கடைசியில், அந்த இயந்திரத்தின் நுணுக்க அளவு தெரிந்த இடத்தில் செய்தால் இழப்பு மிகக் குறைவு. 2006இல் அடோபி அறிவித்த பிடிஎஃப் அச்சுப் பொறிநிரலும், 2008இல் வந்த பிடிஎஃப்/எக்ஸ்-4 தரமும் இதைச் சாத்தியமாக்கின.

சுவரொட்டியும் பத்திரிகையும் போடுகிற நமக்கு இதில் சில காரியங்கள் உண்டு. ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது. அதில் சேமித்த கணமே வெள்ளைப் பெட்டி பிறந்துவிடுகிறது. பிஎன்ஜி, டிஃப், ஃபோட்டோஷாப் கோப்புகளில் அதைக் காப்பாற்றலாம். பிடிஎஃப் 1.3ஆக ஏற்றுமதி செய்தால் கோப்பு அங்கேயே தட்டையாகிவிடும். எழுத்துகளை நிழலுக்கு மேலடுக்கில் வையுங்கள். முக்கியமாக, எக்ஸ்-4 எடுப்பார்களா என்று அச்சகத்தில் வேலைசெய்கிறவரிடம் முதலிலேயே கேளுங்கள். கெட்டபின் திட்டுவதற்கு மட்டும் அவரை நினைத்துக்கொள்கிற பழக்கம் போகட்டும்.