பத்தாயிரத்தில் எட்டு
2002 ஜூலை முடிவதற்குள் பூச்சோங் பெரியம்மா தன் ஹார்மோன் மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டார். “புத்துநோய் வருமாம்டா.” பிறகு பல வருடம் நடுராத்திரியில் வியர்த்து எழுந்து காத்தாடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

1966இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சனின் புத்தகம் ஈஸ்ட்ரோஜனை அழியாத இளமையாகத் தூக்கிப்பிடித்தது. அது ஒரு வியாபாரப் பேச்சு. 2002இல் பேச்சு தலைகீழானது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை 16,608 அமெரிக்கப் பெண்களிடம் சோதித்த ஆய்வு பாதியில் நின்றது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று செய்தி. எண்ணிப் பார்த்தால், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் கூடுதலாக எட்டுப் பேர். ஆய்விலிருந்தவர்களின் சராசரி வயதோ 63. பெரியம்மாவுக்கு அப்போது 51.

அறுபதுக்குள், மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே கூடுதல் என்பது பின்னால் தெளிவானது. பெரியம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப யாரும் இப்படி எண்ணிச் சொல்லலியேடா.”