இனாம் மணியாச்சியும் ரூம் பாயும்

கோவில்பட்டியை ஒட்டி இனாம் மணியாச்சி இருக்கிறது. விருதுநகர்ப் பக்கம் இனாம் ரெட்டியபட்டி, திருச்சிப் பக்கம் இனாம் குளத்தூர். மதுரை ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் பெட்டியைத் தூக்கி வந்து வைத்துவிட்டு வாசலிலேயே நிற்கும் பையனுக்கு நீட்டுகிற காசையும் பெரியவர்கள் ‘இனாம்’ என்றுதான் சொன்னார்கள். ஒரு முழுக் கிராமத்துக்கும் பத்து ரூபாய்த் தாளுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

அரபியில் ‘இன்ஆம்’ என்றால் அருளிக் கொடுத்தது. பாரசீகம் வழியாகத் தர்பார்ச் சொல்லாகி வந்தது. 1736-இல் நாயக்கர் ஆட்சி முடிந்தபின் ஆற்காட்டு நவாபின் நிர்வாகம் மதுரைச் சீமைக்குள் நுழைந்தபோது வசூல், பாக்கி, ஜமாபந்தி, தாசில்தார் எல்லாம் நம் வாயில் ஊறின. அந்தக் கூட்டத்தில் இனாமும் வேரூன்றியது. ஏற்பாடு மட்டும் புதிதல்ல. வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்கு இறையிலி, தேவதானம், மானியம் என்று அதற்கு முன்பே இங்கே பெயர்கள் உண்டு.

1858-இல் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் இனாம் கமிஷன் அமைத்தார்கள். யாருக்கு, எதற்காக, எந்த நிலம் என்று ஊர் ஊராக விசாரித்து எழுதிய ‘இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்’ இன்றும் கோயில் நில வழக்குகளில் சாட்சியாக வருகிறது. அதில் என்னை நிறுத்துவது ஊழிய இனாம் என்கிற வகை. கோயிலில் நாதசுரம் வாசிப்பவர், மாலை கட்டுபவர், விளக்கேற்றுபவர், ஊர்க்காவல் பார்க்கும் தலையாரி, கண்மாய் மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி என்று வேலை செய்தவர்களுக்கு விட்ட நிலம் அது. உழுது சாப்பிடலாம், விற்க முடியாது. வாசிப்பு நின்றால் நிலமும் கைவிட்டுப் போகும். அருளிக் கொடுத்தது என்று பெயர். உள்ளே இருந்தது கூலி. கூலி என்றால் கேட்டு வாங்கலாம். இனாம் என்றால் கைகட்டித்தான் வாங்க வேண்டும். அந்தப் பெயர் செய்த அநியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தேவதாசிகள் விஷயத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. கோயில் ஊழியத்தை விட்டால் பிழைப்புக்கான நிலம் போய்விடும் என்பதே அவர்களைக் கட்டிவைத்திருந்த கயிறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-இல் வந்த சட்டத் திருத்தம் அந்த நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்து அவர்களுக்கே சொந்தமாக்க வழி செய்தது. பிறகு 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. நில உடைமையாளர் நேராக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு நிலம் போனது. ஊர்ப்பெயரில் மட்டும் இனாம் நின்றது.

பேச்சு வழக்கில் அதற்குள் பொருளும் சரிந்திருந்தது. “இனாமா கிடைச்சுதா?” என்றால் உழைக்காமல் வந்ததா என்று பொருள். உழைப்புக்குக் கொடுத்த நிலத்தின் பெயர் ஓசிக்கு ஆகிவிட்டது. தபால்காரரும் தெருக்கூட்டுபவரும் கேட்ட ‘தீபாவளி இனாம்’ ஒன்றுதான் பழைய பொருளைக் கொஞ்சம் காப்பாற்றியது. ஆண்டு முழுக்க வேலை செய்துவிட்டுத்தானே கேட்டார்கள்.

வேலைக்கு நிலம் என்ற கணக்கு விருந்தோம்பலிலும் இருந்தது. ராணி மங்கம்மாள் (1689–1706) பெயரில் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சத்திரத்தை ஊரே அறியும். சத்திரம் கட்டினால் நிலமும் எழுதிவைப்பது அந்தக் கால வழக்கம். அடுப்பெரிவதும் சமையல்காரர் வயிறு நிறைவதும் அந்த விளைச்சலில்தான். வழிப்போக்கன் மடியை அவிழ்க்க வேண்டியதில்லை. லாட்ஜும் ஓட்டலும் வந்தபோது நிலத்தின் இடத்தில் விருந்தாளியின் சட்டைப்பை வந்து உட்கார்ந்தது. கூடவே ‘டிப்ஸ்’ என்ற சொல்லும். அது 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் திருடர் பாஷையில் ‘கொடு, கைமாற்று’ என்று புழங்கிய சொல். ஏதோ ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் என்று சொல்வது கட்டுக்கதை. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் காசைக் குடிக்கக் கொடுப்பது என்கிறார்கள். நம் ஊரிலும் “டீ குடிக்க ஏதாவது பார்த்துக் குடுங்க சார்” என்றுதான் கேட்கிறார்கள். சம்பளம் என்று சொல்ல எந்த மொழிக்கும் வாய் வரவில்லை.

மதுரைக்காரர்கள் இப்போது மாலத்தீவுக்கும் போகிறார்கள். அங்கே ரிசார்ட் பில்லிலேயே 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து வருகிறது. அதைத் தொழிலாளர்களுக்குப் பங்கிட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதற்கு மேலும் பெட்டி தூக்கியவருக்கு எவ்வளவு, அறையைக் கூட்டியவருக்கு எவ்வளவு என்று கிளம்பும் முன்பே ஆளாளுக்குக் கேட்டுக்கொள்கிறார்கள். இங்கோ, தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வாடிக்கையாளருக்கு அது நியாயம். இலை எடுப்பவருக்கும் டேபிள் துடைப்பவருக்கும் அந்தப் பணம் எந்த வழியில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் தீராமல் நிற்கிறது.

மதுரை ஓட்டல்களில் சோம்பும் கற்கண்டும் வைத்த தட்டில்தான் பில் வரும். சில்லறை அதிலேயே தங்கும். இப்போது போனைக் காட்டி ஜிபேயில் கணக்காகக் கட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். பணம் நேராக முதலாளி கணக்குக்குப் போகிறது. “நோட்டா குடுத்தாத்தான் சார் எங்களுக்கு” என்கிறார்கள் சர்வர்கள்.